காலியாகக் கிடந்த கோடை

1764 பிப்ரவரியில் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், கல்வியாண்டு முடியும்வரைகூடப் பொறுக்காமல் வேலையை விட்டுவிட்டு, ஈட்டன் பள்ளியை முடித்திருந்த பதினேழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குக் கிளம்பினார். பேராசிரியர் ஆடம் ஸ்மித். பையன், ஸ்காட்லாந்தின் பெரும் நிலவுடைமைக் குடும்பமொன்றின் வாரிசான பக்லூ கோமகன். ஸ்மித்தை அமர்த்தியவர் பையனின் தாயை மணந்திருந்த சார்லஸ் டவுன்ஷென்ட். மூன்று ஆண்டு கழித்து அமெரிக்கக் குடியேற்றங்களின் தலையில் தேயிலை வரியைக் கட்டிவிட்டு அதன் விளைவைப் பார்க்காமலே இறந்துபோன அதே டவுன்ஷென்ட். சம்பளம் ஆண்டுக்கு 300 பவுண்டு. வேலை முடிந்த பிறகும் ஆயுள் முழுக்க அதே 300 பவுண்டு. கல்லூரியில் ஸ்மித் வழக்கமாகச் சம்பாதித்ததைவிட இது அதிகம். ஆனால் போய்ச் சேர்ந்த துலூஸ் நகரத்தில் இருவருக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்கவில்லை. பொழுது போகாமல் ஒரு புத்தகம் எழுதத் தொடங்கியிருப்பதாக ஸ்மித் தன் நண்பர் டேவிட் ஹியூமுக்குக் கடிதம் போட்டார். 1776-இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலின் விதை அதுதான் என்று பலர் கருதுகிறார்கள். அந்த நூலிலேயே, பள்ளி முடிந்த பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமல் வெளிநாட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை ஸ்மித் போட்டுத் தாக்குகிறார். பதினேழு பதினெட்டு வயதில் போகிறவன் இருபத்தொன்றில் திரும்பும்போது வயது மட்டும் கூடியிருக்கும், கூடவே அகம்பாவமும் ஊதாரித்தனமும் சேர்ந்திருக்கும் என்பது அவர் வாதம். பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரைக் கெடுத்துக்கொண்டதால்தான் இப்படியொரு பழக்கத்துக்கு மதிப்பு வந்தது என்றும் சொல்கிறார். அந்தப் பழக்கத்தின் சம்பளத்தில்தான் அவர் அந்த நூலை எழுதி முடித்தார் என்பது வேறு விஷயம்.

இருநூற்றைம்பது ஆண்டு கழித்தும் இந்தக் குற்றச்சாட்டு அப்படியே புழங்குகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, வசந்த காலத்தில் அனுமதி கொடுத்த மாணவர்களை, முதல் வகுப்பு தொடங்குவதற்கு முன்பான கோடையில் சில வாரங்களுக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. கூட ஓர் ஆசிரியர், ஒன்றோ இரண்டோ பாடம், ஓர் ஊர், திரும்பி வந்ததும் கல்லூரி. இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் குறைவல்ல. ஒரு முழு ஆண்டு அங்கேயே தங்கி, அந்த மொழியில் தேர்வெழுதி வந்த பழைய தலைமுறையின் படிப்பை நறுக்கி, தண்ணீர் கலந்து, பொட்டலம் கட்டி விற்கிறார்கள் என்பது அவர்கள் கருத்து. பாதிப் பேர் இதை உல்லாசப் பயணம் என்பார்கள். மீதிப் பேர் வியாபாரம் என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நறுக்கியது என்பது மட்டும் வரலாற்றின்படி தவறு. குறுகிய கோடைப் படிப்பு நீண்ட ஆண்டுக்கு முந்தியது. அதன் வம்சாவளியும் வேறு. பிரபு வீட்டுப் பிள்ளைகள் ஐரோப்பாவைச் சுற்றிவரும் ‘கிராண்ட் டூர்’ பணத்தில் பிறந்தது. கோடைப் படிப்பைப் பெற்றெடுத்தது காலி இடம். ஆளில்லாத விடுதி அறை, கூட்டமில்லாத கப்பல் தளம், வகுப்பில்லாத ஆசிரியர், பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத சில மாதங்கள் ஆகியவற்றை வீணாக்காமல் பயன்படுத்தப் பார்த்த சிக்கனத்தின் பிள்ளை அது. அதன் பலமும் பலவீனமும் அந்தப் பிறப்பிலிருந்தே வருகின்றன என்பதால், அதை எடைபோடுகிறவர்கள் ஸ்மித்தின் தராசைத் தூக்கிக்கொண்டு வருவதில் பயனில்லை.

முதல் காலி இடம் ஒரு ஜெபக்கூட்ட மைதானம். நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஷடாக்வா ஏரிக்கரையில், மெதடிஸ்ட் சபையார் கூடாரமடித்துக் கூடும் இடத்தில் 1874-இல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சி தொடங்கியது. சில ஆண்டுகளில் அது மதத்தைத் தாண்டி மொழி, இலக்கியம், அறிவியல் என்று விரிந்தது. அந்த யோசனை அட்லாண்டிக்கைக் கடந்து ஆக்ஸ்போர்டுக்கு வந்தது. ஜூன் பாதியிலிருந்து அக்டோபர் வரை அங்கே கல்லூரிகள் வெறிச்சோடிக் கிடக்கும். 1888 ஆகஸ்டில், வெளியூர்களில் மாலை வகுப்புகளுக்கு வருகிறவர்களை அழைத்து முதல் கோடைக் கூட்டத்தை நடத்தினார்கள். வந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், அதிலும் பள்ளி ஆசிரியைகள் கணிசம். ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1920-இல்தான். ஆக, பெண்களுக்குப் பட்டம் மறுத்த நிறுவனம் ஆகஸ்டில் வாசலைத் திறந்துவைத்தது. தாராள மனதினால் என்று சொல்ல முடியாது. ஆண்கள் ஊருக்குப் போயிருந்தார்கள், இடம் காலியாக இருந்தது. பள்ளி நாட்களில் வகுப்பெடுத்துக் கூலி வாங்கும் ஆசிரியையால் ஓர் ஆண்டு விடுப்பெடுத்துப் பாரிசிலோ பெர்லினிலோ படிக்க முடியாது. அவளுக்குக் கிடைத்த நாட்கள் கோடையில் மட்டுமே இருந்தன. குறுகிய காலம் என்பது சோம்பேறித்தனத்தின் அடையாளம் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. நேரம் இல்லாதவர்களுக்கும் ஒரு நேரம் உண்டு என்பதைக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆகஸ்டுகளின் சாதனை.

கடல் கடந்து போய்ப் படிக்கும் கோடைக்கு ஒழுங்கான உருவம் கொடுத்த ஊர்களில் ஒன்று ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக் கிரெனோபிள். கையுறை தைத்துப் பேர்பெற்ற ஊர். 1889-இல் அந்த ஊர்க்காரர்கள் வெளியூர்ப் பயணிகளை வரவழைக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். பிரான்சின் முதல் சுற்றுலாச் சங்கங்களில் அது ஒன்று. 1896-இல் அதே ஊரில் வெளிநாட்டு மாணவர்களை வரவேற்று உதவுவதற்கென ஒரு குழு உருவானது. இரண்டுக்கும் இடையே ஏழே ஆண்டு. அதே 1896-இல்தான் பிரெஞ்சுச் சட்டம் சிதறிக் கிடந்த மாகாணக் கல்விப்புலங்களை ஒன்றாக்கிப் பல்கலைக்கழகம் என்று பெயர் கொடுத்தது. பெயர் வந்தது, மாணவர்கள் வரவில்லை; கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பாரிஸ் இழுத்துக்கொண்டது. மாணவர் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் வந்துவிட்டதால், ஆள் சேர்ப்பது வயிற்றுப்பாடாகவும் ஆனது. அப்போதுதான் கிரெனோபிள் பக்கத்து நாட்டைப் பார்த்தது. ஜெர்மன் பள்ளிகளில் பிரெஞ்சு கற்பிக்கப் போகிறவர்களுக்குப் பேச்சுப் பிரெஞ்சு தேவைப்பட்டது. ஆகவே கோடை விடுமுறையில் பிரெஞ்சு மொழி, இலக்கிய வகுப்புகள், குடும்பங்களில் வாடகைக்கு அறை, ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம், கடைசியில் ஒரு சான்றிதழ். இன்றைய கோடைத் திட்டத்தின் கையேட்டைப் புரட்டினால் இதில் எதுவும் விட்டுப்போயிருக்காது. இது சுற்றுலாதானே என்று கேட்பவருக்குக் கிரெனோபிள் நேர்மையாகவே பதில் சொல்லியிருக்கும்: ஆமாம். ஒரே ஊரில், ஒரே நோக்கத்தில், ஒரே பத்தாண்டில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டும். சுற்றுலா வந்து படிப்பைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பலுக்கு அடியில், ஒரு காலத்தில் சுற்றுலா கலக்காத தூய்மையான படிப்பு இருந்தது என்ற நம்பிக்கை இருக்கிறது. கோடைப் படிப்பில் அப்படியொரு பொற்காலம் இருந்ததே இல்லை.

கிரெனோபிளுக்கு முன்பே இதைத் தொடங்கி, இதற்கு ஒரு தத்துவமும் கொடுக்கப் பார்த்தவர் பாட்ரிக் கெடிஸ். எந்தப் பட்டமும் வாங்காமலே பேராசிரியரான தாவரவியலாளர். எடின்பரோவில் 1887 முதல் ஆகஸ்டு மாதங்களில் கோடைக் கூட்டங்கள் நடத்தினார். கடல் உயிரியலில் ஆரம்பித்துச் சமூகவியல், நிலவியல், கலை என்று அது பரந்தது. பிரெஞ்சுப் புவியியலாளர் எலிசே ரெக்லூ போன்றவர்கள் வந்து பேசினார்கள். காலையில் சொற்பொழிவு, பிற்பகலில் ஊரையே பாடப்புத்தகமாக்கித் தெருத்தெருவாக நடை. கெடிஸின் கோடைக் கூட்டங்கள் 1890களின் முடிவோடு ஓய்ந்தன. இதே கெடிஸ்தான் நகரத் திட்டமிடல் கண்காட்சி ஒன்றைத் தயாரித்துக்கொண்டு 1914-இல் சென்னைக்குக் கிளம்பியவர். அவர் வந்து சேர்ந்தார், கண்காட்சி வரவில்லை. அதை ஏற்றிவந்த கிளான் கிராண்ட் என்ற கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. சில வாரங்களுக்கு முன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போய், தமிழுக்கு ஒரு புதுச்சொல்லையும் கொடுத்த அதே எம்டன்தான். புதிதாகப் படங்கள் சேகரித்து 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தது. அந்த ஆண்டில் மதுரை உள்ளிட்ட ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். அந்த அறிக்கைகளில் இருப்பது எடின்பரோ ஆகஸ்டுகளின் முறைதான்: முதலில் கால்நடையாகப் பார், அளந்துகொள், பிறகு கருத்துச் சொல். சில வாரங்களில் ஓர் ஊரை முழுதாக அறிய முடியாது என்பது கெடிஸுக்குத் தெரியும். பார்க்கும் பழக்கத்தைச் சில வாரங்களில் கற்றுக்கொடுக்கலாம் என்பதே அவர் துணிபு. குறுகிய படிப்புக்கு இதைவிட நல்ல நியாயத்தை அதற்குப் பின் வந்தவர்கள் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாக ஐரோப்பியக் கோடைக்கு வரத் தொடங்கியதற்குக் காரணம் தேடினால், அது கல்விக் கொள்கையில் கிடைக்காது. குடியேற்றச் சட்டத்தில் கிடைக்கும். தனித்தனி முயற்சிகள் முன்பே உண்டு. இந்தியானா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்டார் ஜோர்டன், பின்னாளில் ஸ்டான்ஃபோர்டின் முதல் தலைவரானவர், 1880களிலேயே மாணவர்களைக் கோடையில் ஐரோப்பா முழுக்க நடத்திக் கூட்டிப்போனார். 1881-இல் மாட்டர்ஹார்ன் சிகரத்தில்கூட ஏறினார்கள். ஆனால் அது ஒரு தனிமனிதரின் கால் வலிமை. பெருங்கூட்டத்துக்குப் பெருங்கப்பல் வேண்டும். 1907-இல் மட்டும் ஏறத்தாழ 12.85 லட்சம் பேர் அமெரிக்காவில் குடியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோரைச் சுமந்தது கப்பல்களின் மலிவான அடித்தளம். 1921, 1924 சட்டங்கள் அந்த வாசலை அடைத்தன. பின்னதன்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 1.65 லட்சம் பேருக்கே ஒதுக்கீடு. கப்பல் கம்பெனிகளின் வருமானத்துக்கு அடித்தளமாக இருந்த தளமே காலியானது. கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. இத்தாலிய விவசாயியும் போலந்து யூதரும் படுத்துக் கிடந்த இடத்துக்கு வெள்ளையடித்து, தடுப்புச் சுவர் வைத்து, மேசைக்கு விரிப்புப் போட்டு, ‘டூரிஸ்ட் தேர்ட் கேபின்’ என்று புதுப்பெயர் சூட்டி, கல்லூரி மாணவர்களையும் பள்ளி ஆசிரியைகளையும் கூவி அழைத்தன. கல்லூரி இசைக்குழுக்கள் வாசித்துக்கொண்டே இலவசமாகக் கடல் கடந்தன. ஏழை ஐரோப்பியர் வர முடியாமல் போனதால் நடுத்தர அமெரிக்கர் போக முடிந்தது. அறவழியில் யோசித்தால் நெருடுகிற வரவுதான் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் இதே கதை: 1947-இல் மரீன் டைகர், மரீன் ஜம்பர் போன்ற படைக்கப்பல்கள் வேலையற்று நின்றபோது அவற்றில் மாணவர்களை ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

இதற்கு நடுவில் வந்ததுதான் எல்லோரும் பெருமூச்சோடு நினைவுகூரும் நீண்ட ஆண்டு. 1923 ஜூலை 7-இல் டெலவேர் பல்கலைக்கழகத்தின் எட்டு மாணவர்கள், முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்து திரும்பியிருந்த ரேமண்ட் கிர்க்பிரைட் என்ற இளம் ஆசிரியரின் தலைமையில் ரோஷாம்போ என்ற கப்பலில் ஏறினார்கள். பணம் தனியாரிடமிருந்து வந்தது. பியர் து போன் போன்றவர்கள் கொடுத்தார்கள். அப்போது வணிகத் துறைச் செயலராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் ஆதரவு தெரிவித்தார், வெளிநாட்டு வியாபாரத்துக்கு ஆள் வேண்டுமே என்ற கணக்கில். ஸ்மித் மகளிர் கல்லூரி 1925-இல் தன் குழுவை அனுப்பியது. கவனிக்க வேண்டியது தேதியை. டெலவேர்க்காரர்கள் கப்பலேறியது ஜூலையில். பாரிஸ் வகுப்புகள் தொடங்குவதோ இலையுதிர் காலத்தில். இடைப்பட்ட கோடை வாரங்களில் மாகாண ஊரொன்றில் மொழி வகுப்பு நடந்தது. ஸ்மித் கல்லூரிப் பெண்கள் முதலில் இறங்கிப் படித்தது வேறெங்குமல்ல, கிரெனோபிளில். அதாவது நீண்ட ஆண்டு, முப்பது வயதான கோடைப் படிப்பின் தோளில் ஏறித்தான் பாரிசை எட்டிப் பார்த்தது. தாயைப் பார்த்து ‘என் சாயல் கொஞ்சம் இருக்கிறது’ என்று மகள் சொல்வதுபோல இருக்கிறது இன்று நீண்ட ஆண்டின் பக்தர்கள் கோடையை நோக்கிப் பேசும் பேச்சு.

சரி, இதெல்லாம் ஆசிரியைகளுக்கும் ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் மாணவர்களுக்கும் பொருந்தும். பள்ளியை விட்டு வந்த கையோடு போகிறவனுக்கு என்ன தெரியும் என்பது அடுத்த கேள்வி. ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நல்லது என்பதால் வசதியானது என்று பொருளில்லை. 1932-இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர், இளைஞர்களைக் கோடையில் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும் திட்டமொன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயரிலேயே ‘பரிசோதனை’ என்ற சொல் உண்டு. விரைவில் அது, விடுதியில் தங்காமல் அந்த நாட்டுக் குடும்பங்களில் தங்கும் முறையாக உருப்பெற்றது. 1934-இல் கனெக்டிகட் மாநிலத்துக் கேன்டர்பரி பள்ளியை முடித்த சார்ஜென்ட் ஷ்ரைவர், யேல் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முந்தைய கோடையில் இந்தத் திட்டத்தின் வழியாக ஜெர்மனிக்குப் போனார். வயது பதினெட்டு. 1929 பொருளாதாரச் சரிவில் சொத்தை இழந்த குடும்பம் அவருடையது. ஹிட்லர் பதவிக்கு வந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அந்த ஜூன் 30-இல்தான் தன் சொந்தக் கட்சியின் ஆட்களையே கொன்று குவிக்கத் தொடங்கினார். அப்படிப்பட்ட கோடை. திரும்பி வந்த ஷ்ரைவர் நாஜிகளை எதிர்க்கத் தோள்தட்டிக் கிளம்பினாரா? இல்லை. யேல் சட்டக்கல்லூரியில் படிக்கும்போது, 1940-இல், ஐரோப்பியப் போரில் அமெரிக்கா தலையிடக் கூடாது என்ற ‘அமெரிக்கா முதலில்’ குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பிறகு கடற்படையில் சேர்ந்து பசிபிக்கில் காயமும் பட்டார். 1961-இல் கென்னடி தொடங்கிய பீஸ் கோர்ப்ஸ் அமைப்பின் முதல் இயக்குநர் அவர். (இதை ‘அமைதிப் படை’ என்று மொழிபெயர்த்தால் நமக்கு வேறு நினைவுகள் வந்துவிடும், பெயர் அப்படியே இருக்கட்டும்.) அந்நிய நாட்டுக் குடும்பத்தோடு குடும்பமாக வாழ்வது என்ற வாட்டின் யோசனைக்கும், கிராமத்தில் கிராமத்தவராக வாழ்வது என்ற பீஸ் கோர்ப்ஸின் யோசனைக்கும் உள்ள உறவு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இடைப்பட்டது இருபத்தேழு ஆண்டு. ஒரு கோடை ஒருவருக்குச் சரியான கருத்தைக் கொடுத்து அனுப்பிவிடும் என்று எதிர்பார்ப்பது மடமை. கிரெனோபிளில் பிரெஞ்சு படித்த ஜெர்மானியர்கள் 1914-ஐத் தடுக்கவில்லை. ஜெர்மனி பார்த்த ஷ்ரைவர்களும் 1939-ஐத் தடுக்கவில்லை. உலக அமைதி, உலகக் குடிமை என்று இந்தத் திட்டங்கள் தங்களுக்குச் சூட்டிக்கொள்ளும் மாலைகளைக் கழற்றிவிட வேண்டும். மிஞ்சுவது சிறியது, ஆனால் கல்லூரிக்கு முன்னால் கிடைத்தால் மதிப்புள்ளது: அடுத்த நான்கு ஆண்டும் என்ன படிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கப்போகிறவனிடம், தெரியாத ஒன்றின் நினைவு இருக்கும். மூன்றாம் ஆண்டில் அதே நினைவு கிடைத்தால் தேர்வுகள் முடிந்திருக்கும்.

ஆடம் ஸ்மித்தின் வாதமும் இங்கே தன் பல்லை இழக்கிறது. அவர் கண்டித்தது மூன்று நான்கு ஆண்டுகளை. பல்கலைக்கழகத்துக்குப் பதிலாகப் போவதை. ஆறு வாரம் பல்கலைக்கழகத்துக்குப் பதிலாக நிற்பதில்லை, அதன் வாசலில் நிற்கிறது. இந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நாட்காட்டிதான் தீர்மானித்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் நுழைவுத் தேர்வைப் பள்ளி முடித்தபின் ஒரு பருவம் கூடுதலாகத் தங்கி எழுதிவிட்டு, டிசம்பரில் முடிவு தெரிந்துகொண்டு, அடுத்த அக்டோபர் வரை காத்திருக்கும் வழக்கம் இருந்தது. ஒன்பது மாத இடைவெளி. பின்னாளில் ‘கேப் இயர்’ என்று பெயர் பெற்றுப் பெரும் தத்துவமாகப் பேசப்பட்டதற்கு அந்தத் தேர்வு அட்டவணை ஒரு முக்கியமான அஸ்திவாரம். நேர்மாறாக ஜப்பானில் பள்ளி மார்ச்சில் முடிந்து பல்கலைக்கழகம் ஏப்ரலில் தொடங்கிவிடுகிறது. நடுவே மூச்சுவிடவும் நேரமில்லை. ஆகவே அங்கே இப்படிப்பட்ட மரபே வளரவில்லை. டோக்கியோ பல்கலைக்கழகம் சேர்க்கையை இலையுதிர் காலத்துக்கு மாற்றிச் செயற்கையாக ஓர் இடைவெளியை உண்டாக்கலாமா என்று 2012 வாக்கில் தீவிரமாக யோசித்தது, முடியாமல் கைவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களில் விரும்புகிறவர்கள் ஓராண்டு விடுப்பெடுத்து வெளியே போகலாம் என்ற சிறு ஏற்பாட்டை மட்டும் 2013-இல் கொண்டுவந்தது. இடைவெளி தானாக இருக்கும் இடத்தில் ஊற்றாகப் பெருகியது, இல்லாத இடத்தில் திட்டம் போட்டும் சுரக்கவில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்றைச் சந்திக்க வேண்டும். போகிறவனுக்குக் கிடைப்பதைப் பற்றியே பேசுகிறோம். போன இடத்தவருக்கு என்ன கிடைத்தது? பிரிட்டனில் 1958-இல் அலெக் டிக்சன் தொடங்கிய விஎஸ்ஓ என்ற தன்னார்வ அமைப்பு, பள்ளி முடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத்தான் முதலில் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் அனுப்பியது. கட்டாய ராணுவச் சேவை முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம். இங்கேயும் ஒரு காலி இடம், அதை நிரப்ப ஒரு திட்டம். சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்த அமைப்பு பட்டதாரிகளையும் தொழில் தெரிந்தவர்களையும் அனுப்பத் தொடங்கியது. புதிதாக விடுதலையடைந்த நாடுகளுக்குத் தேவைப்பட்டது பொறியாளரும் செவிலியரும். ஆர்வத்தை மட்டுமே கையில் வைத்திருக்கும் பையன் அல்ல. மறுப்பு நியாயமானது, முழுக்க ஏற்கிறேன். ஆனால் அது எதைத் தாக்குகிறது என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வயதில் உதவி செய்யப் போகிறேன் என்று கிளம்புவதில்தான் கோளாறு இருக்கிறது. படிக்கப் போகிறேன் என்று கிளம்புவதில் இல்லை. கிரெனோபிள் வீட்டுக்காரிக்கு ஜெர்மன் பையன் எந்த உபகாரமும் செய்ய வரவில்லை. வாடகை கொடுத்தான், அவள் வைத்த சூப்பைக் குடித்தான், வினைச்சொல்லைத் தப்பாகச் சொல்லித் திருத்தம் வாங்கினான். இருவரில் அறியாதவன் யார் என்பதில் ஐயமே இல்லை. குறுகிய கோடைப் படிப்பின் மிக நாகரிகமான அம்சம் இந்த உறவு. நிதி திரட்டுவதற்காகவும் விண்ணப்பக் கட்டுரை அழகாக இருப்பதற்காகவும் இன்று அதில் ‘சேவை’யைக் கலக்கிறவர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைச் சேற்றில் இறக்குகிறார்கள்.

வியாபாரம் என்ற குற்றச்சாட்டு மிச்சமிருக்கிறது. புள்ளிவிவரம் இங்கே உதவும். 1985-86-இல் வெளிநாட்டில் படித்த அமெரிக்க மாணவர்கள் 48,483 பேர். 2018-19-இல், அதாவது கொரோனாவுக்கு முந்தைய கடைசி முழு ஆண்டில், 3,47,099 பேர். இந்தப் பெருக்கத்தைக் கொண்டுவந்தது குறுகிய படிப்பு: 2018-19-இல் போனவர்களில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியவர்கள் கோடையிலோ எட்டு வாரத்துக்குள்ளோ முடித்துத் திரும்பியவர்கள். முழு ஆண்டு தங்கியவர்கள் 2 சதவீத அளவே. மூன்று மாதத்துக்குக் குறையாமல் தங்க வேண்டும் என்று 1987-இல் 3,244 மாணவர்களோடு தொடங்கிய ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டமே, 2021-லிருந்து ஐந்து முதல் முப்பது நாள் வரையிலான பயணத்துக்கும் இடம் கொடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்களுக்கு இதில் லாபம் உண்டு. கோடைக் கட்டணம் வருகிறது, இன்னொன்றும் உண்டு. வசந்தத்தில் சேர்வதாக ஒப்புக்கொண்டு இலையுதிர் காலத்தில் வராமலே போய்விடும் மாணவர்களை அமெரிக்கச் சேர்க்கை அலுவலகங்கள் ‘கோடையில் உருகியவர்கள்’ என்கின்றன. முதல் வகுப்புக்கு முன்பே பத்துப் பேரோடு பழகி ஒரு பாடத்தையும் முடித்துவிட்டவன் அவ்வளவு எளிதில் உருக மாட்டான். புதியவர்களுக்கென்றே கோடைப் பயணம் ஏற்பாடாவதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். ஆனால் காலி இடத்தைக் காசாக்குவது இன்று புகுந்த சீரழிவு என்று சொல்ல, கிரெனோபிளின் கையுறைக்காரர்களும் அட்லாண்டிக் கப்பல் கம்பெனிகளும் விடமாட்டார்கள். கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. காலி இடம் மலிவாக இருந்தது, அதனால்தான் கதவு அகலத் திறந்தது. இன்று அதே இடம் தனி விடுதி, தனிப் பேருந்து, மாலை விருந்து என்று விலை ஏறிக்கொண்டிருக்கிறது. போகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். 1888-இன் ஆசிரியைகள் திறந்த கதவு அது, இன்றும் மூடவில்லை. கறுப்பின மாணவர்களோ 6 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறார்கள். கல்லூரிகளில் அவர்கள் பங்கில் பாதிதான் இது. கோடை முழுக்க வேலை செய்து கட்டணம் சேர்க்க வேண்டிய பிள்ளைக்கு அந்த மாதங்கள் காலியாக இருப்பதில்லை. காலியான கோடை என்பதே ஒரு சொத்து என்பதை ஆக்ஸ்போர்டு ஆசிரியைகள் காலத்திலிருந்தே இந்த வரலாறு மறைத்து வைத்திருக்கிறது. செல்வப் பல்கலைக்கழகங்கள் சில செலவைத் தாங்களே ஏற்கின்றன. பிரின்ஸ்டன் 2009-இல், புதிதாகச் சேர்கிறவர்களை வகுப்புக்கு முன் ஒன்பது மாதம் வாராணசி உள்ளிட்ட ஊர்களுக்குக் கட்டணமில்லாமல் அனுப்பத் தொடங்கியது. ஒன்பது மாதம் அனுப்ப முடிகிறவர்களால் ஒன்பது வாரம் அனுப்ப முடியும். இழந்த கோடைக் கூலியையும் சேர்த்துக் கொடுத்தால் அது முழுமையாகும்.

கெடிஸ் தன் கடைசிக் காலத்தில் இந்தச் சிக்கனத்தை மறந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்துவிட்டு 1924-இல் பிரான்சின் மோன்பெலியே நகரத்துக்குப் போனவர், கல்லும் புதரும் மண்டிய ஒரு மேட்டு நிலத்தை வாங்கி, வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ‘ஸ்காட்லாந்தியர் கல்லூரி’ என்ற கட்டடத்தை எழுப்பினார். இந்தியர்களுக்கும் அங்கே ஒரு கல்லூரி அமைய வேண்டும் என்று திட்டமிட்டார். கோபுரம் வந்தது, படிப்படியாகத் தோட்டம் வந்தது, கடனும் வந்தது. மாணவர்கள் மட்டும் அவர் நினைத்த அளவில் வரவே இல்லை. 1932 ஏப்ரலில் அந்தக் கட்டடத்தில்தான் அவர் இறந்தார். எடின்பரோவில் பிறர் காலி செய்த அறைகளில் நடந்த ஆகஸ்டுகளுக்கு ஆள் வந்தது. ஆண்டு முழுவதும் திறந்திருந்த மோன்பெலியேயில் காலி அறைகள் அவருடையவையாக இருந்தன.